கமரா இரிக்கு. ஆனா அது பாக்குதா?

போன மாரியில ஒருநாள், பின்னேரம் 6.40 இருக்கும். வந்தாறுமூலையில் எங்கட போடிங்குக்குப் போகிற ஒழுங்கையில் முதலாம் வருடத் தங்கச்சி ஒருத்தி தனியாக வந்துகொண்டிருந்தாள். பின்னால் மெதுவாக வந்த மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நின்றது. ஓடியவன் அவளுடைய கையைப் பிடித்து இழுத்தான். அவள் கையை உதறிவிட்டு ஓடிவந்து சேர்ந்துவிட்டாள். புத்தகப் பை மட்டும் றோட்டில் கிடந்தது.

அந்த ஒழுங்கை முகப்பில் ஒரு பலசரக்குக் கடை இருக்கிறது. கடை வாசலில் ஒரு கமரா. கடைக்கார அண்ணன் நல்ல மனிசன். எங்களை உள்ளே கூப்பிட்டு இருத்தி, பதிவைப் போட்டுக் காட்டினார். 6.30 இலிருந்து 7 மணிவரை பார்த்தோம். ஒரு ஆடு போனது. ரியூசன் முடிந்து இரண்டு பொடியன்கள் போனார்கள். தங்கச்சியும் இல்லை, மோட்டார் சைக்கிளும் இல்லை.

முறைப்பாடு கொடுக்கப் போன இடத்தில் முதல் கேள்வியே, “கமராவில ஒண்டும் இல்லையே, நீங்க சொல்ற இடம் சரியா?” என்பதுதான். போடிங்கிலும் இரண்டொருவர் அதையே வேறுமாதிரிக் கேட்டார்கள். ஒரு கிழமைக்குள் கதை மாறிவிட்டது. கையைப் பிடித்தவன் யார் என்ற கேள்வி போய், இவள் சொல்வது உண்மையா என்ற கேள்வி வந்துவிட்டது.

எட்டாம் நாள் எங்களில் ஒருவர் பாண் வாங்கப் போனார். சும்மா திரையைப் பார்த்தபோது அதில் 7.25 என்று ஓடியது. கையிலிருந்த போனில் 6.55. கமராவின் மணிக்கூடு சரியாக அரை மணித்தியாலம் முந்திப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் அன்றைக்கு 6.30 என்று தேடிப் பார்த்தது உண்மையில் ஆறு மணி ஒழுங்கையை! 6.40க்கு நடந்தது 7.10 என்ற இடத்தில் கிடந்திருக்கும். ஓடிப்போய்த் தேடினோம். அது அழிந்துவிட்டது. நான்கு கமரா, ஒவ்வொன்றும் செக்கனுக்கு 2 மெகாபிட், 500 ஜிகாபைட் ஹார்ட் டிஸ்க். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 86 ஜிகாபைட். ஆறு நாளுக்குள் டிஸ்க் நிரம்பி, பழையதின் மேல் புதியது எழுதப்படும். நாங்கள் வந்தது எட்டாம் நாள்.

அதற்குப் பிறகு தங்கச்சி சொன்ன ஒரு வசனம்தான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது. “கமரா இரிக்கிற ஒழுங்கையெண்டுதானே அண்ணா அந்தப் பக்கத்தால வந்தனான்.”

பொருத்தியாச்சு, பிறகு?

எங்கள் மாவட்டத்தில் கமராக்கள் பெருகியதற்கு 2019 ஏப்ரல் 21 ஒரு பெரிய காரணம். அன்றைக்கு மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் பலியானவர்களில் பலர் ஞாயிறு வகுப்புக்கு வந்த சிறுபிள்ளைகள். நாடு முழுவதும் 250க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பாடசாலை, வங்கி, நகைக்கடை என்று எல்லா இடத்திலும் கமரா ஏறியது. பயந்துபோன சமூகம் தன்னால் முடிந்ததைச் செய்தது. அதைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை.

ஆனால் அந்த நாளை இன்னொரு தடவை யோசித்துப் பாருங்கள். நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் தேவாலயத்துக்குள் முதுகுப் பையோடு ஒருவன் நடந்து போகிற காட்சியை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். போகிற வழியில் ஒரு சின்னப் பிள்ளையின் தலையைத் தொட்டுவிட்டுப் போகிறான். கமரா அதைத் தெளிவாகப் பதிந்தது. தடுக்கவில்லை. தடுப்பது அதன் வேலையும் இல்லை. சீயோனில் குண்டுதாரி உள்ளே போகாமல் வெளியே மறிக்கப்பட்டதற்குக் காரணம், புது முகமாக நிற்கிறானே என்று சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்ட மனிதர்கள்.

அதற்கும் முன்னால், ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியப் புலனாய்விடமிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. நடவடிக்கை எடுக்கவில்லை என்பதற்காக 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவையும் பாதுகாப்பு அதிகாரிகளையும் இழப்பீடு கட்டச் சொன்னது. கண் பார்த்தது, வாய் சொன்னது, கேட்டவர்கள் அசையவில்லை. ஆகவே ஒரு கண்காணிப்பு முறையைப் பரிசோதிப்பதென்றால் கண்ணாடி வில்லையில் தொடங்கி, திரைக்கு முன்னால் இருக்கிற ஆள்வரைக்கும் பரிசோதிக்க வேண்டும்.

நாம் என்ன செய்கிறோம்? பொருத்த வந்த தம்பி ஏணியில் ஏறிப் பூட்டுவார், போனில் ‘அப்’ ஒன்றைப் போட்டுத் தருவார், “இஞ்ச பாருங்க, படம் வருது” என்பார். காசு கொடுப்போம். படம் வருகிறது என்பதோடு பரிசோதனை முடிந்துவிடும். நாங்கள் சொல்ல வருவது இவ்வளவுதான்: பரிசோதிக்காத கமரா ஒரு பொய் வாக்குறுதி. அதை நம்பி யாரோ ஒருவர் தனியாக ஒரு ஒழுங்கையால் நடந்து வருவார்.

மட்டை மனிதன்

இந்த விசயத்தில் உலகம் வெறும் ஊகத்தில் ஓடவில்லை. பிரித்தானியப் பொலிஸின் விஞ்ஞானப் பிரிவு பல பத்தாண்டுகளுக்கு முன்னரே ‘ரொட்டாகின்’ என்று ஒரு பொம்மை செய்தது. 1.6 மீற்றர் உயரம், ஆள் வடிவத்தில் தட்டையான பலகை, நுணுக்கம் பார்ப்பதற்குக் கறுப்பு வெள்ளைக் கோடுகள். அதைக் கமராவுக்கு முன்னால் நிறுத்துவார்கள். ஆள் நடமாடுவது போல அசைவு வேண்டுமென்றால் சுழலவும் விடுவார்கள். திரையின் உயரத்தில் அந்தப் பொம்மை எத்தனை வீதம் நிற்கிறது என்று பார்த்து, இந்தக் கமராவால் ஆள் இருப்பதை மட்டும் காணலாமா, தெரிந்தவரை அடையாளம் பிடிக்கலாமா, தெரியாதவரை உறுதியாகச் சொல்லலாமா என்று தீர்மானித்தார்கள்.

டிஜிட்டல் காலத்தில் கணக்கு பிக்சலுக்கு மாறியது. 2014இல் வந்த ஐ.ஈ.சி. 62676-4 என்ற சர்வதேச நியமம் ஒரு மீற்றருக்கு எத்தனை பிக்சல் என்று கேட்டது. ஆள் ஒன்று வந்திருக்கிறது என்று அறிய 25. முன்பே பழகிய ஆளைக் கண்டுகொள்ள 125. முன்பின் தெரியாத ஒருவரைச் சந்தேகமில்லாமல் அடையாளம் காண 250.

அண்ணனிடம் கேட்டோம், “உங்கட கமராவ ஒருக்காச் சோதிச்சுப் பாக்கட்டா?” “பாருங்களன் புள்ளயள், எனக்கும் தெரியத்தானே வேணும்” என்றார். ஃபிரிஜ் வந்த மட்டைப் பெட்டியை வெட்டி 1.6 மீற்றரில் ஒரு மனிதனைச் செய்தோம். நெஞ்சில் மோட்டார் சைக்கிள் இலக்கத்தகடு அளவில் எழுத்தும் இலக்கமும். எழுதினவர் ஒருவர், திரையில் பார்த்து வாசிக்கிறவர் இன்னொருவர். என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கிறவருக்கு முதலே தெரியக் கூடாது. தெரிந்தால் கண் தானாகவே வாசித்துவிடும்.

கமராவிலிருந்து ஒழுங்கை எட்டு மீற்றர். அந்தத் தூரத்தில் படத்தின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை அளவு நாடா போட்டுப் பார்த்தோம். கிட்டத்தட்ட 20 மீற்றர். கமரா 2 மெகாபிக்சல், அகலத்தில் 1920 பிக்சல். பிரித்தால் மீற்றருக்கு 96. பழகிய ஆளைக் கண்டுகொள்ளவே 125 வேண்டும். ஒரு முகம் ஏறத்தாழ 16 சென்ரிமீற்றர் அகலம் என்றால் அது 15 பிக்சலுக்குள் அடங்கிப் போகிறது. 250 வேண்டுமென்றால் ஆள் மூன்று மீற்றருக்குள், அதாவது கடை வாசற்படியில், நிற்க வேண்டும். கமரா பழுதில்லை. வாசலைப் பார்க்க வாங்கிய அகலக் கோண வில்லையிடம் றோட்டையும் பார்க்கச் சொல்லியிருக்கிறோம்.

மட்டை மனிதன் சொல்லித்தந்த முக்கியமான பாடம் வேறொன்று. எங்களில் ஒருவர் ஒழுங்கையால் நடந்தபோது, திரையைப் பார்த்த மற்றவர்கள் எல்லோரும் உடனே பேரைச் சொல்லிவிட்டோம். நடை தெரியும், சேட்டுத் தெரியும். ஆனால் மட்டை மனிதனின் எழுத்தை ஒருவராலும் வாசிக்க முடியவில்லை. தெரிந்தவரைத் தெரிந்துகொள்வது எங்கள் ஞாபகம் செய்கிற வேலை. கமராவின் கெட்டித்தனம் அதில் குறைவு. மங்கலான படத்தைக் காட்டி “இவன்தானே?” என்று கேட்டால், மனதுக்குள் ஏற்கனவே இருக்கிற முகத்தைத்தான் ஆட்கள் அதில் காண்பார்கள். பிழையான ஆள் பிடிபடுவது அப்படித்தான்.

இன்னொரு விதி: நேரலையில் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. இடம் மிச்சம் பிடிக்கவென்று சில கருவிகள் குறைந்த தரத்தில் பதியும். எப்போதும் பதிவை மீள ஓட்டி, பென்டிரைவில் எடுத்து, வேறொரு கணினியில் போட்டுப் பார்க்க வேண்டும். தேவைப்படும் நாளில் உங்களிடம் இருக்கப்போவது அதுதான்.

பொழுதுபட்டால்

பகலில் நடந்த சோதனையை இரவு ஏழு மணிக்கு மறுபடியும் செய்தோம். கதை இன்னும் மோசம்.

இரவில் கமரா நமக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அடித்துப் பார்க்கிறது. கமராவைச் சுற்றிச் சின்னச் சின்னதாக இருக்கிற எல்.இ.டி.கள் அதற்குத்தான். கமரா மூடியில் ஒரு சிலந்தி வலை இருந்தால் போதும், அந்த ஒளி வலையில் பட்டுத் திரும்பிப் படம் முழுக்க வெள்ளைப் புகையாகிவிடும். வாவிக்கரைப் பக்கத்தில் மழைக்காலப் பூச்சி எவ்வளவு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மோட்டார் சைக்கிளின் இலக்கத்தகடோ ஒளியைத் திருப்பி அடிக்கிற பூச்சுள்ளது. கமராவுக்கு அது ஒரு வெள்ளைச் சதுரம் மட்டுமே. எழுத்து இல்லை.

வேகமும் இருக்கிறது. மணிக்கு 30 கிலோமீற்றரில் போகிற வண்டி ஒரு செக்கனில் 8.3 மீற்றர் ஓடும். இருட்டில் வெளிச்சம் சேர்க்கக் கமரா செக்கனின் 25இல் ஒரு பங்கு நேரம் கண்ணைத் திறந்து வைத்தால், அந்த ஒரு படத்துக்குள்ளேயே வண்டி 33 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். முகமும் இலக்கமும் இழுபட்ட கோடாகிவிடும். வாகன இலக்கம் வாசிக்கிற கமராக்கள் தனியாக, குறுகிய கோணத்தில், மிக வேகமான ஷட்டரோடு வைக்கப்படுவது இதனால்தான்.

பெட்டியில் ‘0.01 லக்ஸ் வெளிச்சத்திலும் பார்க்கும்’ என்று போட்டிருப்பார்கள். பூரணை நிலவே அதிகபட்சம் கால் லக்ஸ் அளவுதான். அந்த 0.01இல் ‘பார்ப்பது’ அசையாமல் நிற்கிற பொருளையா, ஓடுகிற ஆளையா என்று பெட்டி சொல்லாது. ஆய்வுகூடத்தில் லக்ஸ் மீற்றர், சாம்பல் நிறப்படி அட்டை, 24 நிறச் சதுரம் உள்ள அட்டை எல்லாம் வைத்துப் பார்ப்பார்கள். அந்த நிற அட்டையின் முதல் இரண்டு சதுரங்களுமே கருமையான தோல், வெளிறிய தோல் என்ற இரண்டு நிறங்கள். எங்களைப் போன்ற தோல் நிறம் இருட்டில் எப்படி விழுகிறது என்பதைக் கேட்காமல் கமரா வாங்கக் கூடாது. அட்டை இல்லாவிட்டாலும், எங்களிடம் நாங்கள் இருக்கிறோம். போய் நின்று பார்க்கலாம்.

உப்பும் கரண்டும் மணிக்கூடும்

எங்களில் கல்லடிக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டு மதில் கமரா இரண்டு வருடத்தில் செத்துப்போனது. ‘ஐ.பி. 66’ என்று போட்ட கமராதான். ஐ.பி. 66 என்றால் தூசு புகாது, நிமிடத்துக்கு 100 லீற்றர் வேகத்தில் அடிக்கிற தண்ணீரும் புகாது. சரி. ஆனால் அந்தச் சோதனை நன்னீரில் நடப்பது. உப்புக்காற்றுக்குத் தனிச் சோதனை இருக்கிறது. 35 பாகை வெப்பத்தில் 5 வீத உப்புக்கரைசலைப் புகாராக அடித்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கிற எழுவான்கரை மக்கள் கடையில் கேட்க வேண்டிய கேள்வி அந்த இரண்டாவது சோதனையைப் பற்றியது. பெரும்பாலும் முதலில் அழுகுவது கமராவும் இல்லை, வெளியில் தொங்குகிற வயர் மூட்டு. மூட்டைப் பெட்டிக்குள் வைத்து அடைத்தாலே ஆயுள் கூடும்.

கரண்ட். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை இருட்டில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் முழு நாடும் அணைந்தது என்றார்கள். ஆகவே பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கமரா எவ்வளவு நேரம் தாங்குகிறது? கரண்ட் திரும்பி வந்ததும் தானாகப் பதியத் தொடங்குகிறதா? திகதி சரியாக நிற்கிறதா? உள்ளே இருக்கிற சின்னப் பற்றரி செத்திருந்தால் அது பல வருடம் பின்னுக்குப் போய்விடும். மின் இணைப்பில் மல்ரிமீற்றர் வைத்துப் பார்ப்பதும் நல்லது. 12 வோல்ற் அனுப்பினால் நீளமான மலிவு வயரின் மறுமுனையில் 12 வராது. இரவில் எல்.இ.டி. எரியத் தொடங்கும்போது இன்னும் விழுந்து, கமரா செத்துச் செத்து உயிர்க்கும். பகலில் மட்டும் பார்க்கிறவருக்கு இது தெரியவே வராது.

இப்போது அந்த அரை மணித்தியாலம். கருவியின் ‘மெனு’வைத் திறந்து பார்த்தோம். நேர வலயம் +6.00 என்று கிடந்தது. எங்கள் நேரம் +5.30. பொருத்தினவர் கவனிக்கவில்லை. இந்த அரை மணித்தியாலத்துக்கு எங்கள் மண்ணில் ஒரு வரலாறு உண்டு. 1996இல் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று அரசாங்கம் மணிக்கூட்டை முன்தள்ளியது, பிறகு அதே வருடம் +6.00க்குக் கொண்டுவந்து நிறுத்தியது. 2006 ஏப்ரலில்தான் +5.30க்குத் திரும்பினோம். புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் அந்த மாற்றத்தை ஏற்கவேயில்லை. அதனால் எழுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் போனால் நேரமே வேறு. “பழைய நேரமா, புதிய நேரமா?” என்று கேட்டுத்தான் கலியாண வீட்டுக்கே போனார்களாம் எங்கட அம்மா அப்பா. அந்தக் காலத்துக் கணினிகளின் நேரப் பட்டியலில் எங்கள் தலைநகரின் பெயர் +6.00க்கு நேரேதான் இருந்தது. அவர்கள் கேட்ட அதே கேள்வியை நாங்கள் கமராவிடம் கேட்கத் தவறிவிட்டோம்.

சட்டத்திலும் இது சின்ன விசயமில்லை. 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று விசேட ஏற்பாடுகள் சட்டம், ஒளிப்பதிவு போன்றவற்றைச் சான்றாக ஏற்பதற்கு நிபந்தனை வைக்கிறது. பதிந்த கருவி ஒழுங்காக இயங்கியிருக்க வேண்டும், பதிவில் கை வைக்கப்பட்டிருக்கக் கூடாது. மணிக்கூடு பிழையான கமராவின் பதிவை எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எப்படி உரித்து எடுப்பார் என்று யோசித்துப் பாருங்கள். மாதத்துக்கு ஒருமுறை நேரத்தைச் சரிபார்த்து ஒரு கொப்பியில் எழுதிவைத்தால், நாளைக்கு அந்தக் கொப்பியும் பேசும்.

“சின்னக் கடைக்கு இவ்வளவு வேணுமா?”

இந்தக் கேள்வி வரும். நியாயமான கேள்வி. கமரா வாங்கினதே கடன்பட்டு. ‘சிசிடிவி ரெஸ்டர்’ என்று கையில் வைத்திருக்கிற சின்னத் திரைக் கருவி தொழில் செய்பவருக்குத்தான் கட்டும். ஆனால் நாங்கள் செய்ததில் காசு செலவான சாமான் எதுவும் இல்லை. மட்டைப்பெட்டி, அளவு நாடா, மார்க்கர், போன், ஒரு பின்னேரம். பெரிய நிறுவனங்கள்கூட இந்த எளிய வேலையைத் தவறவிடுகின்றன. 2025 ஒக்டோபரில் பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் பட்டப்பகலில் அரச நகைகளைக் களவெடுத்தார்களே, கள்ளர் ஏறிய மாடத்தை அந்தப் பக்கத்தில் இருந்த வெளிக் கமரா பார்க்கவில்லை என்று அதன் இயக்குநரே செனற் சபையில் ஒத்துக்கொண்டார். அது வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவர் அந்த மாடத்தில் ஏறி நின்று “என்னத் தெரியுதா?” என்று கேட்டிருந்தால் போதும்.

கடவுச்சொல்லும் அப்படித்தான். 2016இல் ‘மிராய்’ என்ற கெடுநிரல் உலகம் முழுக்க இருந்த கமராக்களையும் பதிவுக் கருவிகளையும் பிடித்து, அவற்றைக் கொண்டே பெரிய இணையத்தளங்களை முடக்கியது. நுழைந்த வழி, தொழிற்சாலையில் போட்ட கடவுச்சொல்லை ஆட்கள் மாற்றாமல் விட்டது. உங்கள் வீட்டுக் கமராவில் இன்னும் ‘அட்மின், 12345’தானா? அப்படியென்றால் உங்கள் முற்றத்தை நீங்கள் மட்டும் பார்க்கவில்லை.

“கமரா தொங்கினாலே கள்ளன் பயப்படுவான், அது காணும்” என்றும் சொல்வார்கள். கள்ளன் பயப்படலாம். ஆனால் அதே கமராவைக் கண்டு எங்கட தங்கச்சி நம்பினாள். கள்ளனை ஏமாற்றத் தொங்கவிட்டது அவளையும் சேர்த்து ஏமாற்றியது.

பார்க்கக் கூடாததையும் சோதிக்க வேண்டும்

இதுவரை கமரா சரியாகப் பார்க்கவில்லை என்று குறைப்பட்டோம். இனி மறுபக்கம். எங்கள் கூட்டத்தில் இது சண்டையாகவே போனது. காத்தான்குடித் தோழர் கேட்டார், “நல்லாப் பாக்கிற கமராவ நீங்க கேக்கிறீங்க. 2019க்குப் பிறகு எங்களப் பாத்த பார்வை போதாதா?” அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது.

அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. உயிர்த்த ஞாயிறு நடந்து நாலாம் நாள், 2019 ஏப்ரல் 25இல், பொலிஸ் வெளியிட்ட சந்தேகநபர் படங்களில் ஒன்று அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவியுடையது. குண்டுவெடிப்போடு அவருக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. பொலிஸ் பிழையை ஒத்துக்கொண்டது, ஆனால் அதற்குள் கொலை மிரட்டல்கள் வந்துவிட்டன. முகமறி மென்பொருளின் பிழை என்று செய்திகள் வந்தன. அதே வருடம் டிசம்பரில் அமெரிக்காவின் தேசிய நியமங்கள் மற்றும் தொழில்நுட்ப நிறுவகம் 99 தயாரிப்பாளர்களின் 189 முகமறி நிரல்களைச் சோதித்த முடிவை வெளியிட்டது. பல நிரல்கள் ஆசிய, கறுப்பின முகங்களைத் தப்பாகப் பொருத்துவது வெள்ளையர் முகங்களைவிடப் 10 முதல் 100 மடங்குவரை கூடுதலாக இருந்தது. சோதித்தபடியால்தான் அது வெளியே வந்தது. அந்தச் சோதனை நடக்காவிட்டால், இயந்திரம் சொன்னது வேதவாக்கு.

எங்கள் கெம்பஸ் கதையும் உண்டு. மயிலத்தமடு மேய்ச்சல்தரைப் பண்ணையாளர்களுக்காகச் சித்தாண்டியில் நின்ற கிழக்குப் பல்கலைக்கழக மாணவர் ஆறுபேர் 2023 நவம்பரில் கைதானார்கள். எந்தப் போராட்டத்துக்குப் போனாலும், எந்த நினைவேந்தலுக்குப் போனாலும், எதிரில் யாரோ படம் எடுத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். கமரா என்றால் எங்களுக்குப் பாதுகாப்பு மட்டும் இல்லை.

அதனால் எங்கள் சோதனையில் இன்னொரு கேள்வியைச் சேர்த்தோம்: இந்தக் கமரா எதைப் பார்க்கக் கூடாது? அண்ணன் கடையின் பின்பக்கக் கமராவில் பக்கத்து வளவுக் கிணற்றடி முழுசாகத் தெரிந்தது. அங்கே பெண்பிள்ளைகள் குளிக்கிறவர்கள். அண்ணனுக்கே அது தெரியாது. அந்தக் கமரா படத்தை அவர் ஒருநாளும் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. பார்த்ததும் முகம் கறுத்துப் போனார். கருவியிலேயே அந்த மூலையைக் கறுப்புப் பெட்டியால் மறைக்கிற வசதி இருந்தது, ஐந்து நிமிட வேலை. அளவு நாடாவும் மட்டை மனிதனும் இல்லாவிட்டால் அந்தக் கிணற்றடி இன்னும் பதிவாகிக்கொண்டிருக்கும்.

கமராவைச் சோதிப்பது அதைக் கூர்மையாக்குவதற்கு மட்டும் என்று நினைக்கக் கூடாது. அதை எல்லைக்குள் வைப்பதற்கும் அதே சோதனைதான் வேண்டும். காத்தான்குடித் தோழர் இதை முழுக்க ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல மாட்டோம். “சோதிக்கிறது ஆரெண்டதையும் எழுதுங்க” என்றார். எழுதிவிட்டோம்.

நாங்கள் கேட்பது

கமரா பொருத்துபவர்களிடம்: வேலை முடிந்ததும் ஒரு தாள் கொடுங்கள். எந்தத் தூரத்தில் முகம் தெரியும், இரவில் எவ்வளவு, எத்தனை நாள் பதிவு நிற்கும், நேரம் சரி, கடவுச்சொல் மாற்றியாயிற்று. பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை நடந்து காட்டிவிட்டுக் காசு வாங்குங்கள்.

வைத்திருப்பவர்களிடம்: மாதத்தின் முதல் நாள் பத்து நிமிடம். போன் நேரத்தோடு ஒப்பிடுங்கள், மூடியைத் துணியால் துடையுங்கள், நேற்று இரவுப் பதிவில் ஒரு நிமிடத்தை எடுத்துப் பாருங்கள். ஏதும் நடந்துவிட்டால் முதல் வேலை பதிவைப் பிரதி எடுப்பது. ஆறு நாள் என்பது மிகக் குறுகிய காலம்.

மாநகர சபையிடமும் பிரதேச சபைகளிடமும் பல்கலைக்கழக நிர்வாகத்திடமும்: பொது இடத்தில் கமரா வைத்தால் அது எதைப் பார்க்கிறது, யார் பார்க்கிறார், எத்தனை நாள் வைத்திருக்கிறார், கடைசியாக எப்போது சோதித்தது என்று கம்பத்திலேயே எழுதிவையுங்கள். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. அந்தச் சட்டம் கொழும்பு வங்கிகளுக்கு மட்டும் எழுதப்படவில்லை.

முறைப்பாடு எடுப்பவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: “கமராவில ஒண்டும் இல்லையே” என்று ஒரு பிள்ளையிடம் சொல்வதற்கு முன்னால், அந்தக் கமராவின் மணிக்கூட்டைப் பாருங்கள்.

கடைக்கார அண்ணன் நேரத்தைத் திருத்திவிட்டார். ஒழுங்கையைப் பார்க்கவென்று குறுகிய வில்லையோடு இன்னொரு கமராவும், கீழே ஒரு மின்குமிழும் போட்டிருக்கிறார். மட்டை மனிதன் அவர் கடை மூலையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் நிற்கிறான். கையைப் பிடித்தவன் பிடிபடவில்லை. தங்கச்சி இப்போது இரண்டு பேரோடு மற்றப் பக்கத்தால் சுற்றித்தான் போகிறாள். சாமான் வாங்கக் கடைக்கு வருகிற நேரங்களில் மட்டும், காசு கொடுக்க முன்னம் திரையை ஒருமுறை பார்த்து, கையிலிருக்கிற போனையும் ஒருமுறை பார்க்கிறாள்.